பாம்பு நேரத்தின் நான்காம் கோடு

மச்சான் கிசூனைக் கதவுப் பலகையில் கவிழ்த்துப் போட்டு நாலு பேர் தூக்கிக்கொண்டு வந்த காலையை சாங்பொம் மறந்தாலும் ஓக்தான் மறக்க விடமாட்டாள். கூடப்பிறந்த அண்ணன் அல்லவா அவளுக்கு? முதுகிலிருந்து முழங்கால் வரை தோல் என்று சொல்ல ஒன்றும் மிச்சமில்லை. பதினோரு நாள் கிடந்தான். கடைசி இரண்டு நாள் தொண்டையில் தண்ணீர்கூட இறங்கவில்லை. அவன் செய்த குற்றம் என்ன? அவன் கணித்துச் சொன்ன நேரத்துக்கு சூரிய கிரகணம் வராமல் ஒரு கோடு பிந்தி வந்துவிட்டது. அவ்வளவுதான்.

ஒரு கோடு என்பது பெரிய நேரம் ஒன்றும் இல்லை. இந்நாட்டுத் தலைநகரான ஹன்யாங்கில், அரண்மனைத் தண்ணீர்க் கடிகாரத்தில் மிதக்கிற கம்பில் நாளொன்றுக்கு நூறு கோடு கிழித்திருக்கும். உலையில் போட்ட அரிசி வெந்து வருவதற்குள் ஒரு கோடு ஏறிவிடும். ஆனால் அன்றைக்கு அந்த ஒரு கோடு நேரமும் அரசர் வெள்ளை உடுத்திக்கொண்டு, முற்றத்துப் பனியில், எந்தக் குறையும் இல்லாமல் தகதகவென்று எரிந்துகொண்டிருந்த சூரியனைப் பார்த்து வணங்கியபடி நின்றார். மந்திரிகள் அத்தனை பேரும் பின்னால் விறைத்துப்போய் நின்றார்கள். யாராவது இதற்குப் பதில் சொல்ல வேண்டாமா? எண்பது அடி.

கிசூன் உட்கார்ந்த இடத்தில் இப்போது சாங்பொம் உட்கார்ந்திருக்கிறான். வானக் கணக்கு அலுவலகத்து வேலை அப்படித்தான், குடும்பத்துக்குள்ளேயே சுற்றிவரும், வேண்டாம் என்று உதறவும் முடியாது. அடுத்த கிரகணம் பத்தாம் மாதம் முதல் நாள். இன்னும் இருபது நாள் இருந்தது. சாங்பொம்முக்கு நெஞ்சில் சளிக்கட்டு வேறு. படி ஏறினால் இரண்டு இடத்தில் நின்று இருமுவான். எண்பது எதற்கு, இருபது அடியே அவனுக்குத் தாராளம்.

"ஏங்க, சாப்பிடாம சோத்தை என்ன எண்ணிக்கிட்டா இருக்கீங்க?" என்றாள் ஓக்தான். பார்லிச் சோறு ஆறிப்போய்க் கிடந்தது. முள்ளங்கித் துண்டு ஒன்றைக்கூட அவன் தொடவில்லை.

"பசிக்கல."

"எங்கண்ணனும் இப்படித்தான் சொன்னான், அதுக்கு முந்தின வாரம்." அவள் சட்டியை நகர்த்தி வைத்தாள். "நேரம் சரியா வருமா, வராதா? அதை மட்டும் சொல்லுங்க. எனக்கு நட்சத்திரமும் வேணாம், மண்ணாங்கட்டியும் வேணாம்."

"எனக்குச் சரியான நேரம் தெரியும். ஆனா அதை நான் சொல்ல முடியாது."

"தெரிஞ்சா சொல்றதுக்கு என்ன கேடு?"

என்ன கேடு என்று அவளுக்கு எப்படி விளக்குவது? இருபது வருஷத்துக் குறிப்புகளைத் தோண்டியெடுத்து, ஆறு கிரகணங்களை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்துவிட்டான். ஆறுமே அட்டவணை சொன்ன நேரத்துக்குக் கொஞ்சம் பிந்தியே வந்திருந்தன. சில ஒரு கோடு, சில இரண்டு. காரணமும் புரிந்துவிட்டது. அந்த அட்டவணை, நம் அரசரும் தலைவணங்குகிற பேரரசரின் தலைநகரத்தில் உட்கார்ந்து எழுதியது. அந்த ஊர் மேற்கே எத்தனையோ நாள் பயணத்தில் இருக்கிறது. சூரியன் இங்கே முதலில் உதித்து, பிறகுதான் அங்கே போகிறது. அதனால் இந்த ஊர் நேரம் எப்போதும் அந்த ஊர் நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால் போகும். அந்த ஊர்க் கணக்கை எடுத்து இந்த ஊர் வானத்தின்மேல் போர்த்தினால் எப்படிப் பொருந்தும்? அண்ணன் சட்டையைத் தம்பிக்குப் போட்ட மாதிரி தோளில் தொங்கத்தான் செய்யும்.

ஆனால் அட்டவணை பேரரசர் அருளிக் கொடுத்தது. வருஷத்துக்கு ஒருமுறை தூதர்கள் போய் மண்டியிட்டு வாங்கி வருவது. அது இங்கே பொருந்தாது என்று சொல்வதும், எங்களுக்குத் தனி வானம் இருக்கிறது என்று சொல்வதும் ஒன்றுதான். தனியாகப் பஞ்சாங்கம் கணிக்கிறவன் தனியாக ஒரு ராஜ்யம் கேட்கிறவன். அதற்கு அடி கிடையாது, தலைதான்.

இருந்தாலும் மறுநாள் துணிந்து தலைமைக் கணிதர் பியோன் இன்சோவிடம் போனான். அறுபத்தொரு வயது மனுஷன். வாயைத் திறந்தால் பட்டாசுதான். முப்பது வருஷமாக அலுவலகத்தில் அவரிடம் திட்டு வாங்காத தூண்கூட இல்லை. சாங்பொம் நீட்டிய தாளை மூக்குக்குக் கிட்டே வைத்து, மேலிருந்து கீழே, கீழிருந்து மேலே இரண்டு தடவை படித்தார்.

"அட்டவணைப்படி பாம்பு நேரம் மூணாம் கோடு. நீ நாலாம் கோடுங்கிறே." நாளைப் பன்னிரண்டு நேரங்களாகப் பிரித்ததில் பாம்பு நேரம் என்பது உச்சிக்கு முந்தின முற்பகல்; கோடுகளை அதற்குள் ஒன்றிலிருந்து எண்ணுவார்கள்.

"ஆமாங்கய்யா."

"ஹன்யாங்குக்குன்னு தனியா ஒரு வானம் வாங்கி வெச்சிருக்கியா? எந்தச் சந்தையில வாங்கினே? என்ன விலை?"

"அய்யா, ஆறு கிரகணம் பாத்துட்டேன். ஆறும்..."

"எனக்கு எண்ணத் தெரியும்." பியோன் குரலைத் தணித்தார். "இதை யார்கிட்ட காட்டினே?"

"யார்கிட்டயும் இல்ல."

"பொண்டாட்டிகிட்ட?"

"அவளுக்குக் கணக்கு புரியாது."

"நீ பிழைச்சே போ." தாளை நாலாக மடித்துத் தன் அங்கியின் கைக்குள் திணித்துக்கொண்டார். "நான் எதையும் பாக்கல, நீ எதையும் எழுதல. அட்டவணைப்படி மூணாம் கோடுன்னு சுத்தமா ஒரு தாள் எழுதி என் மேசைமேல வை. போ. இருமாதே இங்க, மை தெறிக்குது."

தாளைத் திருப்பிக் கொடுத்திருந்தால்கூடப் பரவாயில்லை. கைக்குள் வைத்துக்கொண்டார் என்றால் என்ன அர்த்தம்? நாளைக்கு இவன்தான் எழுதினான் என்று தூக்கிக் காட்ட அது ஒன்று போதாதா? கிழவன் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள முடிச்சுப் போட்டு வைத்துவிட்டான் என்றே சாங்பொம் நினைத்தான். மூன்றாம் கோடு என்று எழுதி மேசைமேல் வைத்துவிட்டு வெளியே வந்தான்.

அந்த மூன்றாம் கோட்டுத் தாள் முத்திரை வைத்து அரண்மனைக்குப் போகும். கிரகணம் வருவது நாலாம் கோட்டில். நடுவில் இருக்கிற அந்த ஒரு கோட்டில்தான் சாங்பொம் செத்தாக வேண்டும். இரண்டு நாள் யோசித்தான். அப்புறம் தண்ணீர்க் கடிகாரத்து மண்டபத்துக்குப் போனான்.

அங்கே மக்சே இருந்தான். பிறப்பில் அரண்மனை அடிமை. ஐம்பதைத் தாண்டியவன். கடிகாரத்தோடேயே வாழ்ந்து அவன் நடையும் சொட்டுச் சொட்டாக இருக்கும். மேல் குடத்திலிருந்து கீழ்க் குடத்துக்கு, அங்கிருந்து உயரமான பித்தளை உருளைக்கு என்று தண்ணீர் இறங்கும். உருளையில் கம்பு மிதந்து ஏறும். ஒவ்வொரு கோடு ஏறும்போதும் மக்சே மரப்பலகையைத் தட்டுவான். கோட்டை வாசல் திறப்பதும் மூடுவதும் அந்தத் தட்டைக் கேட்டுத்தான். குடங்களுக்கு அடியில் கணப்புச் சட்டிகள் கனன்றுகொண்டிருந்தன.

"குளிர் காலம் வந்துட்டா இதுங்களோட பெரிய ரோதனைங்கய்யா," என்றான் மக்சே. "குளிர்ந்தா தண்ணிக்கும் சோம்பல் வந்துரும். இறங்க மாட்டேன்னு அடம்பிடிக்கும். ராத்திரி பகலா கரி போட்டுக் கொஞ்ச வேண்டியிருக்கு. என் பொண்டாட்டியைக்கூட நான் இப்படிக் கவனிச்சதில்ல."

"கரி போடாம விட்டா?"

"கடிகாரம் பிந்தும்."

"எவ்வளவு?"

மக்சே சிரிப்பதை நிறுத்தினான். கணக்குத் தெரியாத ஆள்தான், முட்டாள் அல்ல. சாங்பொம்மின் முகத்தையும் கணப்பையும் மாறி மாறிப் பார்த்தான்.

"கிசூன் அய்யா எனக்கு நல்லவரா இருந்தாரு," என்றான் கடைசியில். "என் மவ காய்ச்சல்ல கெடந்தப்ப மருந்து வாங்கிக் குடுத்தாரு. அதுக்காகக் கேக்கறேன். என்ன வேணும்?"

சாங்பொம் சொன்னான். அன்று விடிந்து புதுக் கம்பு போட்டதிலிருந்து கணப்பை அவியவிட வேண்டும். பாம்பு நேரத்துக்குள் கடிகாரம் ஒரு கோடு பிந்தி நிற்க வேண்டும். உண்மையில் நாலாம் கோடு ஆகும்போது கடிகாரம் மூன்று என்று காட்டும். சூரியனும் சரியாக அப்போது கடிபடும். அரசரின் கையில் இருக்கும் தாளும் மூன்று என்று சொல்லும். யாருக்கும் எதுவும் தெரியாது.

"உச்சி நிழல் பாப்பாங்களே?" என்றான் மக்சே. முற்றத்தில் ஒரு கல் மேடை உண்டு. அதில் நட்ட தூணின் நிழல் உச்சியில் நடுக்கோட்டில் விழும். கடிகாரத்தை அதோடு ஒத்துப்பார்ப்பது வழக்கம்.

"கிரகணம் நடக்கறப்போ எல்லாரும் அண்ணாந்து பாத்துக்கிட்டு இருப்பாங்க. அப்போ கணப்பை மறுபடி மூட்டிட்டு, உருளையில ஒரு கரண்டி தண்ணி ஊத்து. கம்பு ஒரு கோடு எகிறிரும். உச்சிக்கு எல்லாம் சரியா நிக்கும். அளவு நான் சொல்றேன். ஒரு சொட்டு கூடக் கூடாது, குறையக் கூடாது."

அவன் கணிதன் இல்லையா? அதையும் கணித்துத்தான் கொடுத்தான். இரண்டு தடவை ஒத்திகையும் பார்த்தார்கள். ஒரு தடவை அரைக்கோடு பிந்தியது, அடுத்த தடவை சரியாக ஒன்று. மாட்டினால் இரண்டு தலை உருளும் என்று இருவருக்கும் தெரியும்.

பத்தாம் மாதம் முதல் நாள் மேகம் துளியும் இல்லாமல் விடிந்தது. மழை வந்து தொலைக்கக் கூடாதா என்று ஓக்தான் வாசலில் நின்று வானத்தைத் திட்டினாள். சாங்பொம்முக்கு உள்ளாடை நான்கு போட்டுவிட்டாள். அடி விழுந்தால் துணியாவது கொஞ்சம் தாங்கட்டுமே.

முற்றத்தின் ஓரத்தில் கணக்கு அலுவலகத்தார் வரிசையாக நின்றார்கள். நடுவே பித்தளைத் தாம்பாளத்தில் மை கலந்த தண்ணீர். கண் கூசாமல் சூரியனை அதில் பார்க்கலாம். கறுப்புத் தண்ணீரில் சூரியன் வெள்ளை வட்டமாக அசையாமல் கிடந்தது. பறை அடிப்பவர்கள் கைகளை அக்குளில் வைத்துச் சூடேற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். சூரியனில் முதல் கடி விழுவதற்கு முன்னால் அரசர் வெள்ளையில் வந்து நின்றிருக்க வேண்டும். விழுந்ததும் பறை முழங்க வேண்டும். அதில் பிசகினால், வானம் எச்சரித்தும் ராஜா தூங்கினான் என்று நாடு முழுக்கப் பேச்சாகிவிடும். பஞ்சம் வந்தாலும் அதனால்தான், படை வந்தாலும் அதனால்தான்.

மண்டபத்திலிருந்து பலகைச் சத்தம் கேட்டது. பாம்பு நேரம் இரண்டாம் கோடு.

கடிகாரம் பிந்தி ஓடுகிறது என்பது அந்த முற்றத்தில் சாங்பொம் ஒருவனுக்குத்தான் தெரியும். எண்ணிக்கொண்டே நின்றான். இப்போது குடைகள் வர வேண்டும். வெள்ளை விரிப்பு விரிக்க வேண்டும். இன்னும் ஒரு கோட்டில் கிரகணம். ஆனால் பெரிய வாசல் சும்மா கிடந்தது. பறைக்காரன் ஒருவன் கொட்டாவி விட்டான்.

சாங்பொம் பக்கத்தில் நின்ற பியோனிடம் குனிந்தான். "அய்யா, அரசர் இன்னும் வரலையே. மூணாம் கோடு ஆகப்போகுதே."

"ஆகட்டுமே. அதுக்கு நீ ஏன் பதறுறே?"

"மூணாம் கோட்டுலதானே..."

பியோன் அவனைத் திரும்பிப் பார்த்தார். முப்பது வருஷத்தில் யாரும் பார்த்திராத ஒன்று அவர் முகத்தில் இருந்தது. கிழவர் சிரித்தார்.

"நாலாம் கோடுன்னு எழுதிக் குடுத்திருக்கேன்," என்றார் உதடு அசையாமல். "உன் கணக்கு. என் பேர்ல. ஆறு ராத்திரி உக்காந்து நானும் போட்டுப் பாத்தேன். ஒரு ஓட்டை கண்டுபிடிக்க முடியல. முப்பது வருஷமா அந்த அட்டவணையைக் கட்டிக்கிட்டு அழுதிருக்கேன், நீ வந்து சொல்ல வேண்டியிருக்கு."

சாங்பொம் மண்டபத்துப் பக்கம் திரும்பிப் பார்த்தான். "என் பேர்ல எழுதியிருக்கலாமே அய்யா. சொல்லியாவது இருக்கலாமே."

"சொன்னா நீ வேணாம்பே. பேரரசர் அட்டவணையை மீறினது வெளிய வந்தா ஒரு கழுத்து போதும். நீ சின்ன வயசுக்காரன், அதுவும் காத்தடிச்சா விழுற உடம்பு. என் தோல் பழைய தோல், தாங்கும். அதுவும் இன்னைக்குச் சரியா வந்துட்டா யாரும் எதுவும் கேக்க மாட்டாங்க. சரியா வந்ததை யாரு ஆராயப் போறா? கொஞ்சம் பொறு. வேடிக்கை பாரு."

ஓடிப்போய் மக்சேயிடம் சொல்லலாம். எதைச் சொல்வது? தண்ணீரை இப்போதே ஊற்று என்றா? முற்றத்தைத் தாண்டி, இரண்டு வாசலைத் தாண்டி மண்டபத்துக்குப் போவதற்குள் எல்லாம் முடிந்துவிடும். அவனுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

மண்டபத்தில் பலகை ஒலித்தது. மூன்றாம் கோடு.

தாம்பாளத்தில் வெள்ளை வட்டத்தின் மேல் ஓரத்தில் எலி கடித்த மாதிரி ஒரு சின்னப் பள்ளம் விழுந்தது.

முதலில் பார்த்தது பியோன்தான். குனிந்து பார்த்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார். அண்ணாந்து நேராகவே சூரியனைப் பார்த்தார். யாரோ கத்தினார்கள். பறைக்காரர்கள் எழுந்து ஆளுக்கொரு தாளத்தில் அடித்தார்கள். உள்ளே ஓட்டமும் கூச்சலும் கேட்டது. அரசர் வெளியே வந்தபோது வெள்ளை அங்கியின் ஒரு பக்கக் கயிறு கட்டாமல் தொங்கியது. தலையில் கட்டு இல்லை. வெளிச்சம் நாள்பட்ட எண்ணெய் மாதிரி பழுப்பாகியது. மரத்தில் காக்கைகள் அடைந்தன. குளிர்காற்று முற்றத்தைச் சுற்றிவந்தது. அரசர் நிற்கவேண்டிய இடத்தில் விரிப்பு இல்லை. வெறும் கல்லில் மண்டியிட்டார். மந்திரிகள் அத்தனை பேரும் சூரியனைப் பார்க்கவில்லை, பியோனைத்தான் பார்த்தார்கள்.

சாங்பொம் மண்டபத்துப் பக்கம் காதை வைத்திருந்தான். இந்த நேரத்தில் அங்கே ஒருவன், அவன் சொன்ன அளவில், அவன் சொன்ன மாதிரியே, ஒரு கரண்டி தண்ணீரை உருளையில் ஊற்றிக்கொண்டிருப்பான்.

சூரியன் முழுசாகத் திரும்பி வந்ததும் அங்கேயே விசாரணை நடந்தது. விசாரணை மந்திரி சத்தம் போடவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"அட்டவணை என்ன சொல்லுச்சு?"

"மூணாம் கோடு," என்றார் பியோன்.

"கிரகணம் எப்போ வந்துச்சு?"

"மூணாம் கோட்டுல."

"நீங்க எழுதிக் குடுத்தது?"

"நாலு."

"பேரரசர் அருளிய அட்டவணையை மீறி நாலுன்னு எழுதறதுக்கு உங்களுக்குச் சொல்லிக் குடுத்தது யாரு?"

"யாரும் இல்ல. என் கிழட்டுத் தலை." பியோன் தரையில் நெற்றி பட வணங்கினார். எழுந்து, தெளிவாகப் பேசினார். "ஒரே ஒரு விண்ணப்பம். உச்சி நேரம் ஆகப்போகுது. கடிகாரத்தைத் தூண் நிழலோட ஒத்துப் பாருங்க. கடிகாரம் பிந்தியிருந்தா என் மேல குத்தமில்ல. ஒத்துப்போச்சுன்னா நான் எதுவும் பேசமாட்டேன்."

எல்லோரும் கல் மேடைக்குப் போனார்கள். சாங்பொம்மும் போனான். பியோனின் முழங்கைக்கும் அவன் முழங்கைக்கும் ஒரு சாண் இடைவெளிகூட இல்லை. நிழல் மெல்ல மெல்ல நடுக்கோட்டை நோக்கி நகர்ந்தது. ஒரே ஒரு வார்த்தை போதும். அய்யா, கடிகாரம் காலையில் பிந்தித்தான் இருந்தது, நான்தான் கணப்பை அணைக்கச் சொன்னேன். சொன்னால் பியோன் பிழைப்பார். மக்சேயின் தலை போகும், தன் தலை போகும், ஓக்தான் ஏதோ ஒரு ஊர் அதிகாரி வீட்டில் அடிமையாகப் பாத்திரம் கழுவுவாள். வாயைத் திறந்தான். இருமல் வந்தது. இருமி முடித்ததும் மூடிக்கொண்டான். வெட்கக்கேடுதான். வேறு என்ன சொல்ல?

நிழல் கோட்டில் விழுந்தது. அதே நொடி மண்டபத்தில் பலகை ஒலித்தது. இம்மியும் பிசகவில்லை. சாங்பொம் வாழ்நாளில் போட்ட கணக்குகளிலேயே சுத்தமாக வந்தது அந்த ஒரு கரண்டித் தண்ணீர்தான்.

பியோன் தூணையே பார்த்துக்கொண்டு நின்றார். சொன்ன சொல்படி எதுவும் பேசவில்லை.

அட்டவணையே சரி என்று வானமே காட்டிவிட்டதால் அவர் தலை தப்பியது; மறுநாள் காலை எண்பது அடி அடித்தார்கள். இனி அட்டவணையில் ஒரு எழுத்தைக்கூட எவனும் மாற்றக் கூடாது என்று ஆணை வந்தது. கடிகாரம் அவ்வளவு துல்லியமாக ஓடியதற்காக மக்சேவுக்கு இரண்டு சுருள் துணி கிடைத்தது. அப்பேர்ப்பட்ட கடிகாரத்துக்குக் காவல் வேண்டாமா என்று எந்நேரமும் இரண்டு வீரர்களை அதன் பக்கத்தில் நிறுத்தினார்கள். மக்சே அந்தத் துணியைத் தொடவே இல்லை.

நாலாம் நாள் பியோன் கூப்பிட்டு அனுப்பினார். போகாமல் இருக்க முடியுமா? வீட்டில் அவருக்கு மருமகள் மட்டும்தான். கதவைத் திறந்துவிட்டு முகம் கொடுக்காமல் போய்விட்டாள். தரை நன்றாகச் சூடாக்கியிருந்த அறையில் கிழவர் குப்புறக் கிடந்தார். மேலே போர்த்தியிருந்த துணி ஒட்டிக்கொண்டிருந்தது. அறையின் வாடை சாங்பொம்முக்கு ஏற்கெனவே தெரியும். கிசூனின் அறையிலும் இதே வாடைதான்.

"வந்துட்டியா. உக்காரு. இருமாதே." குரல் மட்டும் பழைய குரல். தலைமாட்டில் அந்தத் தாள் விரித்துக் கிடந்தது. நாலாக மடித்த தடம் அதில் அப்படியே இருந்தது. "எங்க தப்புப் பண்ணினோம்?"

"அய்யா?"

"கணக்குல. எங்கயோ தப்பு இருக்கு. மூணு நாளா படுத்துக்கிட்டே போட்டுப் பாக்கறேன். கிடைக்கல. செத்துப் போறது பெரிசில்ல, அது பாட்டுக்கு நடக்கும். எங்க தப்புன்னு தெரியாம போகக் கூடாது. உனக்கு இள மூளை. நீயே சொல்லு."

சாங்பொம் தாளைப் பார்த்தான். தன் எழுத்து. பக்கத்தில் நடுங்குகிற கையால் கிழவர் எழுதிய எண்கள். ஏதாவது ஒன்றைச் சொல்லித் தொலைத்தால் மனுஷன் நிம்மதியாகப் போவார் என்று தோன்றியது.

"அஞ்சாவது வரியில அய்யா. நிலாவோட வேகத்தைக் கூட்டினது தப்பு. கழிச்சிருக்கணும்."

பியோன் கண்ணை மூடினார். உதடுகள் அசைந்தன. சூடான தரையில் விரலால் கோடு போட்டார், அழித்தார், போட்டார். வெகுநேரம் ஆனது. சாங்பொம்முக்கு வியர்த்தது.

"இல்லையே," என்றார். "அன்னைக்கு நிலா வேகமாத்தான் போகுது. கூட்டினதுதான் சரி. கழிச்சா அஞ்சாம் கோடு வரும். அது உனக்கும் தெரியும்." கண்ணைத் திறந்தார். "உனக்கு நல்லாத் தெரியும். அப்புறம் ஏன் பொய் சொல்றே?"

சாங்பொம் தாளைத் தள்ளி வைத்தான்.

கிழவர் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். முதலில் அவன் முகத்தை. பிறகு அவன் கைகளை.

"அன்னைக்குக் காலையில," என்றார் மெதுவாக, "மண்டபத்துப் பக்கம் போனேன். கரி வாசனையே இல்ல. என்னடா இதுன்னு நினைச்சேன். மறந்துட்டேன்."

சாங்பொம் நெற்றியைத் தரையில் வைத்து அழுதான்.

"அப்போ கணக்கு சரி," என்றார் பியோன்.

"சரிதான் அய்யா."

"நாலாம் கோட்டுலதான் வந்துச்சு."

"ஆமாங்கய்யா. நாலாம் கோட்டுலதான்."

"அப்போ கிசூன் மேலயும் தப்பில்ல." அவர் முகத்தில் அந்தச் சிரிப்பு மறுபடியும் வந்தது, முற்றத்தில் வந்த அதே சிரிப்பு. சாங்பொம்முக்கு அதைப் பார்க்கத்தான் தாங்கவில்லை. திட்டியிருக்கலாம், காறித் துப்பியிருக்கலாம். "நல்ல கணக்கு," என்றார் கிழவர். "ரொம்ப நல்ல கணக்கு. பயப்படாதே. நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். உனக்கு அதுதானே வேணும்?"

அவனுக்கு வேண்டியது அதுதான்.

தாளைக் கணப்பில் போடச் சொன்னார். போட்டான். எரிந்து முடியும்வரை இருவரும் பார்த்தார்கள்.

"அடுத்தது நாலாம் மாசம் முதல் நாள்," என்றார் பியோன். குரல் இப்போது உள்ளே போய்விட்டிருந்தது. "போட்டுப் பாத்தியா? எவ்வளவு பிந்தும்?"

"ரெண்டு கோடு."

"பார்லி அறுக்கற காலம். தண்ணி குளிராது. பக்கத்துல ரெண்டு பேர் ஈட்டியோட வேற நிக்கறான்." மூச்சு வாங்கினார். "என்ன பண்ணப் போறே, சாங்பொம்?"

அவர் கேலியாகக் கேட்கவில்லை. கணக்குக் கேட்கிற மாதிரிதான் கேட்டார். விடைக்காகக் கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டுத் தூங்கிப்போனார்.

ஆறாம் நாள் அவர் இறந்தார். எட்டாம் நாள் சாங்பொம்மின் வீட்டு வாசலுக்கு அரண்மனை ஆள் வந்தான். காலியான தலைமைக் கணிதர் இடம் சாங்பொம்முக்கு. இனி கிரகண நேரத்தை அட்டவணைப்படி எழுதி, கீழே அவன்தான் தன் பெயரைப் போட வேண்டும்.

ஓக்தான் புது அங்கியைக் கையில் வாங்கித் தடவிப் பார்த்தாள். ரொம்ப நாளைக்கப்புறம் அவள் முகத்தில் ரத்தம் ஓடியது. இறைச்சி போட்டுச் சூப்பு வைத்திருந்தாள். அவன் முன்னால் கிண்ணத்தை வைத்துவிட்டு, சும்மா கேட்கிற மாதிரி கேட்டாள்.

"அடுத்த கிரகணம் எப்போங்க?"

அவன் சொன்னான். அவள் அங்கியை மடியில் வைத்துக்கொண்டு விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி மாதங்களை எண்ணினாள். ஆறாவது விரலில் நின்றுவிட்டு, கிண்ணத்தில் ஆறிக்கொண்டிருந்த சூப்பைப் பார்த்தாள்.

"சாப்பிடுங்க," என்றாள்.